கொழுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது?

ரத்த வங்கியில் சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைப்பார்கள். தட்டணுப் பையை அப்படி வைப்பதில்லை. அது 20 முதல் 24 டிகிரிக்குள், ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில், சாதாரணமாக 5 நாள்வரை இருக்கும். டெங்கு பரவும் மழை மாதங்களில் எங்கள் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தட்டணு வாங்கப் போகிறவர்களில் சிலர் ஐஸ் பெட்டியோடு கிளம்புவார்கள். குளிரில் வைத்தால் கெடாது என்பது நியாயமான எண்ணம்தான். தட்டணுவுக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்ற கேள்வியைச் சுற்றியே என் முப்பது ஆண்டுக்கும் மேலான ஆய்வக வாழ்க்கை போயிற்று.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் கொழுப்புகளைப் பிரிப்பது, அளப்பது, அவை எங்கே எப்படி அமர்ந்திருக்கின்றன என்று கண்டறிவது என் வேலை. ஹார்மோன், கிருமி, காயம், மருந்து எதுவானாலும் செல்லை முதலில் சந்திப்பது அந்தச் சவ்வில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே கடத்துவது புரதத்தின் வேலை, கொழுப்பு அதற்கு இருப்பிடம் மட்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். நான் ஓய்வு பெறும்போது அந்த நினைப்பு மாறியிருந்தது. அந்த மாற்றத்தை ஆய்வக மேசையிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் மார்த்தாண்டத்தில் வேதியியல் பட்டம் முடித்து, காரியவட்டத்தில் உயிர்வேதியியல் படித்தேன். பிறகு திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. காலையில் களியக்காவிளையில் பஸ் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போய் இறங்குவேன். எனக்குக் கொடுத்த முதல் வேலை முட்டை மஞ்சள் கருவிலிருந்து கொழுப்பை எடுப்பது. ஃபோல்ச் என்பவர் 1957இல் வெளியிட்ட முறை அது. குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு. மஞ்சள் கருவை அதில் கலக்கி, உப்புநீர் சேர்த்துக் குலுக்கி வைத்தால் குழாய்க்குள் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே தண்ணீரும் மெத்தனாலும். கீழே இளமஞ்சள் நிறத்தில், கொழுப்பைச் சுமந்த குளோரோஃபார்ம். இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் படலமாகப் புரதம். அந்தப் படலம் கலங்காமல் கண்ணாடிப் பிப்பெட்டைக் கீழடுக்குவரை இறக்கி உறிஞ்ச வேண்டும். இறக்கும்போது நுனியிலிருந்து சிறு குமிழ்களை விட்டுக்கொண்டே போனால் மேலடுக்கு உள்ளே ஏறாது. இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் விளவங்கோடு தாலுகாக்காரரான மூத்த உதவியாளர்.

"பிளாஸ்டிக் குழாய்ல ஊத்தப்பிடாது மக்களே. குளோரோஃபார்ம் அதையும் கரைச்சுப் போடும். அப்புறம் நீ கொழுப்பையா அளக்க, பிளாஸ்டிக்கையா?"

"செரி அண்ணா. காத்து படலாமா?"

"படப்பிடாது. காத்து பட்டா கொழுப்பு கெட்டுப் போவும். நைட்ரஜன் ஊதி, இறுக்கி மூடி வை."

எடுத்த கொழுப்பைச் சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டில் துளித்துளியாக வைத்து, கரைப்பான் நிற்கும் தொட்டிக்குள் நிறுத்துவோம். கரைப்பான் மேலேற ஏற ஒவ்வொரு வகைக் கொழுப்பும் ஒவ்வோர் உயரத்தில் நின்றுவிடும். பிறகு தட்டை அயோடின் ஆவியில் வைத்தால் பழுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெளியும். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடுகாட்டினால் பாஸ்பாடிடைல்செரின் போன்ற ஒன்றிரண்டு மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். தட்டணுவை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது அந்தச் சிவப்புப் புள்ளியைத் தவறாமல் கண்டேன். மொத்தப் பாஸ்போலிப்பிட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அப்போது அதை நோட்டில் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். பின்னால் என் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கொழுப்புதான்.

குளோரோஃபார்ம் முறையில் என்ன கொழுப்பு, எவ்வளவு என்பது துல்லியமாகக் கிடைக்கும். அது சவ்வில் எங்கே இருந்தது என்பது போய்விடும். ஊரின் வாக்காளர் பட்டியல் கையில் இருக்கும், யார் எந்தத் தெரு என்பது இராது. இந்தத் துறையின் வரலாறே அந்தத் தெருப்பெயர்களை ஒவ்வொன்றாக மீட்டெடுத்த வரலாறு.

முதல் தகவல் நான் வருவதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பை எடுத்துத் தண்ணீர்மேல் பரப்பிப் பார்த்து, அது செல்லின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வருகிறது, ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு என்றார்கள். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும், அந்த ஈரடுக்கு நீர்மம்போல் நகர்வது, புரதங்கள் அதில் மிதக்கின்றன என்ற படத்தைத் தந்தார்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் அந்தப் படம்தான். அதே ஆண்டுகளில் நெதர்லாந்தில் ஒரு குழு நல்லபாம்பு விஷத்திலுள்ள பாஸ்போலிப்பேஸ் என்ற என்சைமை எடுத்துக்கொண்டது. அது கொழுப்பை வெட்டும். முழுச் சிவப்பணுவின்மேல் வெளியிலிருந்து இத்தகைய என்சைம்களைச் செலுத்தினால் சில கொழுப்புகள் வெட்டுப்பட்டன, பாஸ்பாடிடைல்செரின் படவில்லை. செல்லை உடைத்துவிட்டுச் செலுத்தினால் அதுவும் வெட்டுப்பட்டது. ஆக, அது உள்ளடுக்கில் இருக்கிறது. இரண்டு அடுக்கும் ஒன்றல்ல என்பது அப்படித்தான் தெளிவாயிற்று.

எங்கள் ஆய்வகம் தட்டணுவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு உட்கரு கிடையாது. புதிதாக மரபணுவைப் படித்துத் தேவையானதைச் செய்துகொள்ளும் வழி அதற்கு இல்லை. காயம் பட்டதும் சில நொடிகளில் அது செய்வதெல்லாம் கையிலிருக்கும் சவ்வையும் புரதங்களையும் வைத்துத்தான். சவ்வு எப்படிச் செய்தி கடத்துகிறது என்று படிக்க இதைவிட நேரான செல் கிடைக்காது.

அந்த நாளில் எங்கள் முக்கியக் கருவி அக்ரிகோமீட்டர். குஸ்தாவ் போர்ன் 1962இல் கொண்டுவந்த முறை. தட்டணு நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். அதைச் சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, 37 டிகிரியில் நிறுத்தி, அடியில் ஓர் இரும்புத் துணுக்கைச் சுழலவிட்டு, ஒளியைச் செலுத்துவோம். ஏ.டி.பி. (ADP) என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், கலங்கல் தெளியும், ஒளி கூடுதலாகக் கடந்துவரும். தாளில் பேனா கோடு ஏறும். அரக்கிடோனிக் அமிலம் சேர்த்தாலும் ஏறும். சில கொடையாளர்களின் ரத்தத்தில் மட்டும் அரக்கிடோனிக் அமிலத்துக்குக் கோடு அசையாமல் படுத்திருக்கும். விசாரித்தால் இரண்டு மூன்று நாள் முன்பு தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருப்பார்கள்.

அந்தப் படுத்த கோட்டுக்குள் ஒரு பெரிய பாடம் இருந்தது. தட்டணு தூண்டப்பட்டதும் அதன் சவ்விலிருந்தே ஒரு கொழுப்பமிலம், அரக்கிடோனிக் அமிலம், வெட்டி எடுக்கப்படுகிறது. அது த்ராம்பாக்சேன் ஆக மாறி வெளியே போய் அடுத்த தட்டணுவை அழைக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் என்சைமை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடும். உட்கரு இல்லாததால் தட்டணுவால் புது என்சைமைச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுளான 7 முதல் 10 நாள்வரை அந்த முடக்கம் நீடிக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் தினமும் ஒரு சிறு ஆஸ்பிரின் கொடுப்பதன் அடிப்படை இதுதான். பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வரிசையைக் கண்டறிந்ததற்காக. ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு கொழுப்பின் கதையும் தெளிந்தது. உள்ளடுக்கில் மிகச் சிறு அளவே இருக்கும் பி.ஐ.பி.2 என்ற கொழுப்பு, செய்தி வந்ததும் இரண்டாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு செல்லுக்குள் போய்ச் சேமித்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது, மற்றொன்று சவ்விலேயே நின்று வேறோர் என்சைமை எழுப்புகிறது. 1983இல் முதல் துண்டின் வேலை உறுதியானபோது எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருந்தது. சவ்வின் கொழுப்பு தானே செய்தியாக மாறுகிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

என் கையில் நின்ற கேள்வி பாஸ்பாடிடைல்செரின், சுருக்கமாகப் பி.எஸ். அது ஏன் உள்ளடுக்கிலேயே இருக்கிறது? தானாக அங்கே தங்குகிறதா? 1984இல் பாரிஸில் செனியூரே, தெவோ இருவரும் சிவப்பணுவில் செய்த சோதனை இதற்கு விடை சொன்னது. பி.எஸ்.ஸை வெளியடுக்கில் வைத்தால் செல் அதைப் பிடித்து உள்ளே புரட்டிவிடுகிறது. அதற்கு ATP என்ற சக்தி மூலக்கூறு செலவாகிறது. ATP தீர்ந்தால் புரட்டல் நின்றுவிடுகிறது. அதாவது, அந்த ஒழுங்கைச் செல் நொடிதோறும் சக்தி செலவழித்துக் காக்கிறது. அந்தக் கட்டுரையின் நகலை நான் பல ஆண்டு கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

இதன் மறுபக்கம் தட்டணுவில் தெரிந்தது. தட்டணு வலுவாகத் தூண்டப்பட்டு உள்ளே கால்சியம் உயர்ந்ததும் இன்னொரு புரதம் திறந்து, இரு அடுக்குக் கொழுப்புகளையும் கலக்கிவிடுகிறது. பி.எஸ். வெளியே தலைகாட்டுகிறது. மாஸ்டிரிக்ட் நகரில் ஸ்வால், பெவெர்ஸ் குழுவினர் இதை விரிவாகக் காட்டினார்கள். ரத்தம் உறையவைக்கும் புரதங்கள் கால்சியத்தின் துணையோடு அந்தப் பி.எஸ். பரப்பில் ஒட்டி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்று வேலை செய்கின்றன. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற என்சைம் உருவாகும் வேகம் பல்லாயிரம் மடங்கு கூடுகிறது. காயம் பட்ட இடத்தில் மட்டும் ரத்தம் உறைந்து, மற்ற இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தக் கலக்கல் நடக்காதவர்களும் உலகில் மிகச் சிலர் இருக்கிறார்கள். ஸ்காட் சிண்ட்ரோம் என்று பெயர். தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் ரத்தப்போக்கு நிற்கத் தாமதமாகும். அந்தக் கலக்கும் புரதம் எது என்று ஜப்பானில் ஷிகெகாசு நகாதாவின் குழு 2010இல் கண்டுபிடித்தது. டி.எம்.இ.எம்.16எஃப் என்று பெயர். ஸ்காட் சிண்ட்ரோம் உள்ளவர்களில் அதே மரபணுவில்தான் பழுது இருந்தது.

பி.எஸ். வெளியே வந்ததா என்று பார்க்க எங்களுக்கு முதலில் நேர்வழி இல்லை. த்ராம்பின் உண்டாகும் வேகத்தை அளந்து ஊகிப்போம். 1990களில் அனெக்சின் வி என்ற புரதம் சாயத்தோடு கிடைக்க ஆரம்பித்தது. கால்சியம் இருந்தால் அது பி.எஸ்.மேல் போய் ஒட்டும். தட்டணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் வைத்தால் எத்தனை ஒளிர்கின்றன என்று திரையில் புள்ளிக்கூட்டமாக விழும். தூண்டாத தட்டணு இடது மூலையில் இருண்ட கூட்டமாக இருக்கும். த்ராம்பினும் கொலாஜனும் சேர்த்த சில நிமிடத்தில் அதில் ஒரு பகுதி மட்டும் பிரிந்து வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். எல்லாத் தட்டணுவும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான். இதே அனெக்சினைக் கொண்டுதான் சாகும் செல்களையும் அடையாளம் காண்கிறார்கள். சாக முடிவெடுத்த செல் தன் பி.எஸ்.ஸை வெளியே காட்டும், துப்புரவு செய்யும் செல்கள் அதைப் பார்த்து வந்து விழுங்கும். ஒரே கொழுப்பு, உள்ளே இருந்தால் அமைதி, வெளியே வந்தால் அழைப்பு.

இனி குளிர். பெங்களூரில் டிசம்பர் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். களியக்காவிளையில் அது அபூர்வம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை, சங்கிலிகள் நேரானவை, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். சாளை மீன் எண்ணெயில் வளைந்த சங்கிலிகள் அதிகம், எளிதில் உறையாது. சவ்வின் கொழுப்புகளுக்கும் இதே இயற்பியல்தான். 1969இல் மர்ஃபி, கார்ட்னர் இருவரும் குளிரில் வைத்த தட்டணு உடலில் ஏற்றியதும் சீக்கிரம் மறைந்துவிடுகிறது, அறை வெப்பத்தில் வைத்தது நீடிக்கிறது என்று காட்டினார்கள். ரத்த வங்கிகளின் இன்றைய வழக்கம் அதிலிருந்து வந்தது. காரணத்தின் ஒரு பகுதியை 1990களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன் டாப்ளினும் ஜான் குரோவும் சவ்வில் தேடினார்கள். 15 டிகிரியை ஒட்டித் தட்டணுவின் சவ்வுக் கொழுப்பு இளகிய நிலையிலிருந்து இறுகிய நிலைக்கு மாறுகிறது. தட்டு வடிவம் போய் முள் முளைத்த உருண்டையாகிறது. காயம் பட்டதுபோலவே அது தூண்டப்படுகிறது. குளிரில் கொழுப்புகள் திட்டுத்திட்டாகச் சேர்வதையும் அதே குழு காட்டியது. குளிரில் மேற்பரப்புப் புரதங்கள் கூட்டமாகச் சேர்வதை அடையாளம் கண்டு கல்லீரல் அந்தத் தட்டணுக்களை அகற்றுகிறது என்பது 2003இல் தெரிந்தது. விபத்துக் காயத்தில் உடனடியாக ரத்தத்தை நிறுத்த வேண்டிய நேரத்தில் குளிரில் வைத்த தட்டணுவையே பயன்படுத்தும் முயற்சிகள் அமெரிக்காவில் நடக்கின்றன. பாதி தூண்டப்பட்ட தட்டணு அங்கே உதவுகிறது.

1997இல் கை சைமன்ஸும் எலினா இக்கோனெனும் எழுதிய கட்டுரை எல்லா ஆய்வகங்களையும் பரபரப்பாக்கியது. சவ்வில் கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிட்டும் சேர்ந்து சிறு மிதவைகளாக இருக்கின்றன, செய்தி கடத்தும் புரதங்கள் அதில் ஏறிச் சந்திக்கின்றன என்பது அவர்கள் கருத்து. லிப்பிட் ராஃப்ட் என்ற பெயர் அப்போது பரவியது. அதைப் பிரித்தெடுக்க எல்லாரும் செய்த முறை ஒன்றே. டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பை 4 டிகிரிக் குளிரில் செல்மேல் விடுவது, கரையாமல் மிஞ்சியதைச் சர்க்கரைக் கரைசல் அடுக்குகளில் ராத்திரி முழுவதும் அதிவேக மையவிலக்கியில் சுற்றுவது. காலையில் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 5 விழுக்காட்டுக்கும் 30 விழுக்காட்டுக்கும் நடுவே நூல்போல ஒரு வெண்கோடு நிற்கும். அதற்குள் என் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அக்காலத்து ஆய்வு. நடுராத்திரி மின்சாரம் நின்று இயந்திரம் ஓய்ந்த நாளில் அந்தக் கோடு கலைந்துபோயிருக்கும், மறுபடி முதலிலிருந்து.

அந்த வெண்கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு சங்கடம் வளர்ந்தது. எந்த 4 டிகிரி தட்டணுவின் சவ்வை உருமாற்றுகிறது என்று ரத்த வங்கிக்காரர்கள் 1969 முதல் எச்சரிக்கிறார்களோ, அதே 4 டிகிரியில்தான் உலகமெல்லாம் ராஃப்ட் எடுத்துக்கொண்டிருந்தோம். குளிர் கொழுப்பைத் திட்டாக்கும். சோப்பு எஞ்சியவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும். நமக்குக் கிடைப்பது உயிருள்ள செல்லில் இருந்ததா, நம் குழாயில் உருவானதா? கொலஸ்ட்ராலை உறிஞ்சும் சைக்ளோடெக்ஸ்ட்ரினும் அப்படித்தான். அளவு கூடினால் சவ்வையே குலைக்கும். இந்தக் கேள்விகளைப் பலரும் எழுப்பினார்கள். 2006இல் அமெரிக்காவில் கூடிய ஆய்வாளர்கள், ராஃப்ட் என்பது 10 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள, ஓயாமல் உருவாகிக் கலையும் திட்டு என்று வரையறுத்தார்கள். சோப்பில் கரையாதது என்ற பழைய அடையாளத்தை அந்த வரையறை கைவிட்டது.

விடை நம் பெங்களூரிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரும் ராஜத் வர்மாவும் 1998இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில் சோப்பும் இல்லை, குளிரும் இல்லை. ஃபோலிக் அமிலத்தை வாங்கும் ஏற்பி ஒன்று சவ்வின் வெளியடுக்கில் கொழுப்பு வேரோடு நிற்கிறது. அதில் சாயம் இட்டு, ஒரே திசையில் அதிரும் ஒளியைச் செலுத்தினார்கள். சாயம் தனியாக நின்றால் வெளிவரும் ஒளி பெரும்பாலும் அதே திசையைக் காக்கும். சில நானோமீட்டருக்குள் இன்னொரு சாயம் நின்றால் சக்தி அதற்குத் தாவி, திசை குலைந்து வெளிவரும். திசை எவ்வளவு குலைகிறது என்பதை அளந்தால் மூலக்கூறுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று சொல்லலாம். ஏற்பிகள் குறைவாக உள்ள செல்லிலும் நெருக்கமாக நின்றன. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அந்த நெருக்கம் போயிற்று. நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே நகல் எடுத்து எங்கள் மாணவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

2004இல் அதே மையத்திலிருந்து வந்த அடுத்த கட்டுரை இன்னும் வியப்பானது. இப்படிக் கொழுப்பு வேரோடு நிற்கும் புரதங்களில் 20 முதல் 40 விழுக்காடு, நாலுக்கு மிகாத மூலக்கூறுகள் கொண்ட மிகச் சிறு குழுக்களாக நின்றன. மீதி தனித்தனி. சவ்வில் மொத்த எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் குழுவுக்கும் தனிக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. பி.எஸ்சி.யில் நிறைதாக்க விதி படித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். வேதிச் சமநிலையில் இருந்தால், அளவு கூடக்கூடக் குழுக்களும் கூட வேண்டும். கூடவில்லை என்றால் அங்கே சமநிலை இல்லை, யாரோ சக்தி செலவழித்து நடத்துகிறார்கள். 2008இலும் 2012இலும் மேயரும் இயற்பியலாளர் மதன் ராவும் சேர்ந்து அதைச் செய்வது சவ்வுக்கு அடியில் ஓடும் ஆக்டின் இழைகள் என்று காட்டினார்கள். மயோசின் இழுக்க, ஆக்டின் சிறு சிறு கட்டுகளாகக் கூடிக் கலைகிறது. கூடும்போது சவ்வில் உள்ளவற்றையும் சேர்த்துக் கூட்டுகிறது.

ஆனால் ஆக்டின் செல்லுக்கு உள்ளே. அந்தப் புரதமோ வெளியடுக்கில் மட்டும் வேரூன்றியது. உள்ளே இருக்கும் கை வெளியே நிற்பதை எப்படிப் பிடிக்கும்? 2015இல் விடை வந்தது. உள்ளடுக்கில் நீண்ட நிறைவுற்ற சங்கிலியுள்ள பி.எஸ். இருக்கிறது. ஆக்டின் அதைப் பிடிக்கிறது. அதன் சங்கிலி நுனி, கொலஸ்ட்ராலின் துணையோடு, வெளியடுக்குப் புரதத்தின் சங்கிலி நுனியோடு சவ்வின் நடுவில் கோத்துக்கொள்கிறது. உள்ளடுக்கிலிருந்து பி.எஸ். இல்லாமல் போனால் வெளியே குழுவும் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து வந்த இளைஞன் நோட்டில் இளஞ்சிவப்புப் புள்ளியாகக் குறித்த அதே கொழுப்பு. 2019இல் இக்குழுக்களின் பயனும் தெரிந்தது. செல் ஒரு பரப்பைத் தொட்டதும் இன்டெக்ரின் ஏற்பி கொடுக்கும் செய்தியால் இந்தக் குழுக்கள் உருவாகின்றன. அவை இல்லாவிட்டால் செல்லால் சரியாகப் பரவி ஒட்ட முடிவதில்லை.

கொலஸ்ட்ரால் என்றால் எங்கள் ஊரில் இப்போது பயம்தான். லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "இதை அப்படியே இல்லாம ஆக்க முடியுமா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தத்தில் அளவு கூடினால் ஆபத்துதான், மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். ஆனால் நம் செல்லின் வெளிச்சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளில் மூன்றில் ஒன்று அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அது இல்லாமல் செல் வேலை செய்யாது. ஹைதராபாதில் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாய குழு, மூளையில் செரோட்டோனினை வாங்கும் ஓர் ஏற்பியின் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தால் அது தனக்குரிய மூலக்கூறுகளைப் பிடிக்கும் திறன் குறைவதையும், திருப்பிச் சேர்த்தால் மீள்வதையும் காட்டியது. காலா அசார் நோய்க் கிருமி நம் வெள்ளணுக்குள் நுழையவும் அந்த வெள்ளணுவின் கொலஸ்ட்ரால் தேவைப்படுகிறது என்பதும் அவர்கள் கண்டது. அந்தக் கிருமி எங்கோ பிகாரில் மட்டும் இருப்பதல்ல. அகத்தியமலைச் சரிவில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில் தோலில் புண்ணாக வருவதைக் கண்டிருக்கிறார்கள். அதே கிருமியின் சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால் முக்கியம். ஆம்ஃபோடெரிசின் மருந்து அதைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டு சவ்வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நோயாளியைக் காப்பாற்றுகிறது.

இத்தனை ஆண்டில் எனக்கு நிலைத்த நம்பிக்கை ஒன்று. சவ்வில் நாம் காணும் ஒழுங்கில் முக்கியமான பகுதி தானாகக் கிடப்பதல்ல. பி.எஸ்.ஸை உள்ளே வைத்திருக்க ATP செலவாகிறது. குழுக்களைக் கூட்டி வைக்க ஆக்டின் உழைக்கிறது. செல் தன் சக்தியில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்குகிறது. அப்படிக் காத்த ஒழுங்கை, தக்க நேரத்தில், தக்க இடத்தில் தளர்த்துவதுதான் பல சமயம் செய்தியாகிறது. எல்லாக் கொழுப்பும் எல்லா இடத்திலும் இருந்தால், காயம் பட்டதை அறிவிக்க வெளியே காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே சவ்வைப் படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இது. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வெப்பத்தில் செய்தார்கள்? செல்லில் ATP இருந்ததா? அளக்கும் பொருள் சவ்வை மாற்றியதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப வேண்டாம். இன்றைக்கு ஒரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான கொழுப்பு வகைகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எண்ணிக் கொடுக்கிறது. 20 நானோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் ஒரு கொழுப்பு சில மில்லிநொடி தங்குவதை ஒளியால் அளக்கிறார்கள். கருவி வந்துவிட்டது, கேள்வி கேட்கும் கை வர வேண்டும். அந்தக் கை, கொழுப்பைத் தானே ஒருமுறை பிரித்துப் பார்த்தால்தான் வரும். ஒரு முட்டை, சில கண்ணாடிக் குழாய், சிலிக்கா தட்டு, அயோடின், புகை இழுக்கும் பெட்டி. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் வேதியியல் சொல்லித்தரும் எந்தக் கல்லூரியிலும் இவற்றைச் சேர்க்கலாம். உயிரியல் மாணவரும் வேதியியல் மாணவரும் ஒரே மேசையில் நின்று அதைச் செய்யட்டும். குமரி மாவட்டத்தில் இதைத் தொடங்க விரும்பும் ஆசிரியர் யாராக இருந்தாலும் பக்கத்தில் நின்று சொல்லித்தர நான் தயார்.